சுவர் மறையும் இடம்

அந்தச் சுவரைச் சுவர் என்று சொன்னால், அதைக் கலைப்படைப்பாக நிறுத்திய சங்கீதா மேடத்துக்கு முகம் சுருங்கும். அவர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார். குப்பத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. நுழைத்துக்கொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. மரக்காணத்து உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற மணலில், முப்பதடி உயரத்துக்கு, நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒன்று எழும்பி நின்றால் அதைச் சுவர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆனால் மேடம் சொன்னதிலும் நியாயம் உண்டு. அது சுவர் இல்லைதான். இருநூறு அலுமினியத் தகடுகள், ஒவ்வொன்றும் ஓரடி அகலம், விரல் கனம்கூடக் கிடையாது. புத்தகத் தாள்களை விரித்து நிமிர்த்தி வைத்ததுபோல வரிசையாக நின்றன. ஒவ்வொரு தகட்டுக்கும் வடக்குப் பக்கம் நீலம், தெற்குப் பக்கம் சிவப்பு. வடக்கே நின்று பார்ப்பவனுக்கு முழுச் சுவரும் நீலம். தெற்கே நடந்து போனால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் நின்று பார்த்தால் தகடுகளின் விளிம்பு மட்டும்தான் நம்மைப் பார்க்கும். அப்போது சுவரே இருக்காது. பின்னாலிருக்கும் வானம் தெரியும். ஓரடி நகர்ந்தால் மறுபடி வந்து நிற்கும்.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவர்கள் இதைப் பார்த்துக் கைதட்டினார்கள். இப்படியும் அப்படியும் நடந்து, குனிந்து, செல்போனில் படம் பிடித்துப் போனார்கள். யுவராணிக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே அது பிடிக்கவில்லை. நேருக்கு நேர் பார்த்தால் காணாமல் போகிற ஒன்று நல்லதாக இருக்க முடியாது என்பது அவள் கட்சி. வாடைக்காற்று அடிக்கும்போது இருநூறு தகடும் சேர்ந்து முனகும். சுரம் வந்த மனுஷன் தூக்கத்தில் முனகுவதுபோல இருக்கும்.

பிடிக்காத சுவரைத் துடைப்பதுதான் அவளுக்கு வேலை. பத்து வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். உப்புக்காற்று தகட்டில் படிந்து நிறத்தைத் தின்றுவிடும் என்பதால், தினமும் காலையில் நல்ல தண்ணீரும் துணி சுற்றிய நீளக் கோலும் கொண்டு துடைக்க ஆள் வேண்டியிருந்தது. உப்பைப் பற்றித் தெரிந்த ஆள் யார் என்று கேட்டதற்கு ஊரே அவளைக் காட்டியது. வாரத்துக்கு ஒரு தரம் கைப்பிடிகளுக்குக் கிரீஸ் வைப்பதும் அவள்தான். நாற்பது தகட்டுக்கு ஒரு கைப்பிடி, ஆக ஐந்து. கைப்பிடியைச் சுற்றினால் நாற்பது தகடும் ஒன்றுபோலத் திரும்பும். திரும்பிய இடத்தில் முளையைச் செருகிப் பூட்டிவிடலாம்.

அவள் புருஷன் விஜயகுமாருக்கு அந்தச் சுவர் உயிர். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் குப்பத்துப் படகுகள் கரையேற ஒரே ஒரு வழிதான். வடக்கே ஒரு கல் அணை, தெற்கே ஒரு கல் அணை. கடல் கரையைத் தின்னாமலிருக்கப் பாறாங்கல் கொட்டிக் கட்டியவை. புயலில் இரண்டின் தலைமாட்டுக் கற்களும் சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டன. வெளியே தெரியாது, தொட்டால்தான் தெரியும். நடுவே பதினைந்து மீட்டர் இடைவெளி. முன்பெல்லாம் கரையிலிருந்த சவுக்குத் தோப்பின் உயரமான மரமும், அதற்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படகைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அடையாளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். ரிசார்ட்காரன் வந்தான், தோப்பு போயிற்று. வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அதன்பின் ஆறு மாதம், படகுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தன. போனில் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள் படித்தவர்கள். அலை தூக்கிப் போடுகிற நேரத்தில் ஒரு கையில் மோட்டாரும் மறு கையில் போனுமாக எவன் வருவான்?

சுவரை நிறுத்தியபோது விஜயகுமார்தான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தான். சரியான கோணத்தில் திருப்பி வைத்தால் கல் இடைவெளிக்கு நேராக வருகிற படகுக்குச் சுவர் மறையும். தெற்கே விலகினால் சிவப்பு, வடக்கே விலகினால் நீலம். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? தகடு செய்து கொடுத்த கோட்டக்குப்பம் நிஷாத்திடம் போய் நின்றான். நிஷாத் பாய் துபாயில் பன்னிரண்டு வருஷம் அலுமினிய வேலை பார்த்துத் திரும்பி வந்தவர், நல்ல மனுஷன். விஜயகுமார் கடலில் படகை நிறுத்தித் துண்டை வீச, கரையில் பாய் கைப்பிடியைச் சுற்றினார். மேடத்தின் கண்ணுக்கு அந்த விரற்கடை வித்தியாசம் படவே இல்லை. அன்றிலிருந்து குப்பத்துப் படகுகள் எல்லாம் சுவர் மறைகிற இடத்தைப் பிடித்துத்தான் வீடு வந்து சேர்ந்தன.

யுவராணி ஒருநாள் இதை மேடத்திடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண் கலங்கிப்போனார். விஜயகுமாரைப் படகோடு படம் பிடித்து, வழவழப்பான தாளில் புத்தகமாக அடித்து, 'மீனவர்கள் தமதாக்கிக்கொண்ட கலை' என்று போட்டார். தை மாதம் திறப்பு விழா, அதில் அவனுக்கு மேடையில் பொன்னாடை என்று முடிவானது. விஷயத்தைப் புத்தகத்தில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. மேடம் அந்த ரகம். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

விழா நாளன்று யாரும் கடலுக்குப் போக வேண்டாம், கரை சுத்தமாக இருக்கட்டும் என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள். விஜயகுமாரும் தலையாட்டியவன்தான். ஆனால் முதல் நாள் மாலை அவன் மனசு கேட்கவில்லை.

"ரெண்டு நாளா வலை கடல்லயே கெடக்குது. உட்டா நண்டு அறுத்துடும்," என்றான். "இழுத்துட்டு எட்டு மணிக்குள்ள வந்துடுறேன். ஃபங்ஷனே பத்து மணிக்குத்தான."

"ஊர்ல போவக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஊரு வந்து என் வலைய இழுக்குமா?"

விடியும் முன்பே தம்பி வெற்றிச்செல்வனையும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டான். போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காலை ஆறரைக்கு யுவராணி கூடையும் கோலுமாகக் கிளம்பினாள். பனி என்றால் அப்படி ஒரு பனி. கடலின் மேல் ஆளுயரத்துக்கு வெள்ளையாகக் கவிந்து கிடந்தது. கல் அணைகள் கண்ணுக்கே தெரியவில்லை. அலை உடைகிற சத்தம் மட்டும் வந்தது, அதுவும் வழக்கத்தைவிடக் கனமாக. பனிக்கு மேலே சுவர் மட்டும் தலையை நீட்டி நிற்க, அதன் மேல் முதல் வெயில் விழுந்திருந்தது.

மீன் ஏலக் கொட்டகையைக் கடந்து போவதுதான் அவள் வழி. அதன் மூன்றாவது தூண், கல் இடைவெளிக்கும் சுவருக்கும் நேர் நடுவே இருந்தது. அங்கே வரும்போது சிவப்பு நடுவில் பிளந்து சுவர் காணாமல் போகும். தூணைத் தாண்டினால் நீலமாக எழும். தினமும் பார்ப்பதுதான், ஆனாலும் தினமும் பார்ப்பாள். இன்று தூணுக்குப் பத்தடி இருக்கும்போதே சுவர் மறைந்தது. தூண் அருகே வந்தபோது பாதிச் சுவர் நீலமாக நின்றது.

அவள் திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தாள். அதே பத்தடி. மூன்றாம் முறை தூணைக் கையால் தொட்டுக்கொண்டு பார்த்தாள். பாதி நீலம்.

நாம்தான் சரியாக நிற்கவில்லையோ என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றவைப்பதுதானே அந்தச் சுவரின் வேலை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தகட்டை யாரோ திருப்பியிருக்கிறார்கள். சுவர் மறைகிற கோடு இப்போது தெற்குக் கல்லுக்கு நேராகப் போகிறது. விஜயகுமார் சுவர் மறைவதைப் பார்த்து நிம்மதியாக மோட்டாரை முறுக்குவான். நேரே கல்லில் ஏறுவான்.

போனை எடுத்து அவன் நம்பரை அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. வெற்றியின் நம்பரும் அதையே சொன்னது.

கொட்டகையின் கோடியில் ஓர் அறை. விஜயகுமாரின் சித்தப்பா கன்னியப்பன் அதில்தான் வயர்லெஸ் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியும் கடலைப் பார்த்த ஜன்னலை விட்டு நகராத மனுஷன். கண்ணில் புரை விழுந்திருந்தாலும் அந்த ஜன்னல்தான்.

"மாமா, சொவத்த திருப்பிட்டாங்க. இவரு கடலுக்குப் போயிருக்காரு."

கன்னியப்பனுக்கு ஒன்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை எடுத்துக் கூப்பிட்டார். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது.

"செட்ட ஆஃப் பண்ணி வெச்சிருப்பான். சார்ஜ் நிக்கமாட்டேங்குதுன்னு கரை கிட்ட வந்தாத்தான் போடுவான்," என்றார். "நான் கூப்பிட்டுகினே இருக்கேன். கெடைக்குதான்னு பாப்போம்."

"கெடைக்கலன்னா?"

அவர் மறுபடி பெட்டியை வாயருகே கொண்டுபோனார்.

"நான் நிஷாத் பாயப் போயி பாக்கறேன்," என்றாள்.

"போ. போயி சொல்லிப் பாரு," என்றார் கன்னியப்பன். அந்தக் குரலில் நம்பிக்கை ஒரு சொட்டு இல்லை. தோப்பு வெட்டியபோது தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனுவோடு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தவர் அவர்.

நிஷாத் பாய் சுவருக்குப் பின்னால் தன் வேனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க வேலை செய்த முகம். யுவராணி ஓடி வந்த வேகத்தைப் பார்த்ததுமே டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாய், யார் திருப்பினது?"

"நேத்து சாயங்காலம் மேடை போட்டிருந்த வரப்பு சரிஞ்சுடுச்சு தங்கச்சி, உப்பளத்துத் தண்ணி ஏறி. அம்பதடி வடக்கால மாத்திப் போட்டாங்க. தொறந்து வைக்க வர்ற பெரிய ஆளு மேடையில ஏறி நிக்கறப்ப சொவரு மறையணுமாம். மேடத்துக்கு அதான் முக்கியம். திருப்பச் சொன்னாங்க." உப்பளத்துப் பக்கம் வடக்கே திருப்பினால் கடல் பக்கம் தெற்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். "நான் கேட்டேன். இன்னிக்கு ஒரு போட்டும் போவலன்னு ஊர்லயே சொன்னாங்களே."

"உங்க தோஸ்து போயிருக்காரு."

"யா அல்லாஹ்," என்றார் பாய் மெதுவாக.

உப்பளத்துக்கு அந்தப் பக்கம் புது மேடையில் ஆட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தான். சங்கீதா மேடம் அங்கே சின்னதாகத் தெரிந்தார். போய்க் கேட்டு, அவர் யோசித்து, யாருக்கோ போன் போட்டு, சரி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"அவங்கள கேக்க வேணாம் பாய். அவரு கரையேர்ற வரைக்கும் பழைய எடத்துக்கே திருப்பி வைப்போம். ஏறினதும் உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கங்க."

பாய் ஒரு நிமிஷம் மேடையைப் பார்த்தார். பிறகு வேனிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த ஒரு நிமிஷத்துக்காக யுவராணி அவரைப் பிற்பாடு கோபித்துக்கொண்டதே இல்லை. அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்றுதான் நினைத்தாள்.

கூடையைச் சுவரின் காலடியில் வைத்தாள். போன் கூடைக்குள் இருந்தது. முதல் கைப்பிடியின் முளையைப் பாய் தட்டிக் கழற்ற, இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். ராத்திரிப் பனியில் உப்பு இறுகி, கைப்பிடி கல்லாகக் கிடந்தது. யுவராணி உடம்பு முழுவதையும் போட்டுத் தள்ளினாள். தலைக்கு மேலே நாற்பது தகடும் கிறீச்சிட்டுக்கொண்டு அசைந்தன. பழைய இடத்தில் பாய் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அதற்கு நேராக வந்ததும் முளையைச் செருகினார்.

"ஒண்ணு," என்றார்.

இரண்டாவது அதைவிடக் கஷ்டம். பாய் கிரீஸைக் கையால் அள்ளிப் பூசினார். ஒலிபெருக்கியில் இப்போது பாட்டு. சுவரின் அடியில் நிற்பவர்களுக்குச் சுவர் எந்த நிறமும் காட்டாது. அண்ணாந்து பார்த்தால் கோடு கோடாக வானம்தான் தெரியும். கடல் பக்கம் பனி இன்னும் விலகவில்லை. அதற்குள் எங்கேயோ ஒரு மோட்டார் சத்தம் கேட்டதுபோல இருந்தது. உண்மையா, மனசா என்று தெரியவில்லை.

"பாய், சீக்கிரம்."

"சுத்து தங்கச்சி, சுத்து."

மூன்றாவதைச் சுற்றும்போது அவள் உள்ளங்கை பிய்ந்தது. வலி தெரியவில்லை. பாதிச் சுவர் ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமுமாக நின்றது. இப்போது அவன் வந்துவிட்டால் எதைப் பார்ப்பான்? அதனாலேயே இன்னும் வேகமாகச் சுற்றினாள். நான்காவது. மோட்டார் சத்தம் இப்போது மனசு இல்லை, உண்மை. கிழக்கே, பனிக்குள், வந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது கைப்பிடியின் முளை உள்ளே போய் டக்கென்று உட்கார்ந்தபோது யுவராணி அப்படியே மணலில் உட்கார்ந்தாள். முடிந்தது. சுவர் பழையபடி நிற்கிறது. இனி அவன் வரலாம். மூச்சு வாங்கியபடி அவள் சிரித்தாள், பாயும் சிரித்தார். சுவர் வந்த நாளிலிருந்து அதைப் பார்த்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் கன்னியப்பன் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். அந்த வயதில் மணலில் ஓட முடியாது. தடுமாறித் தடுமாறி வந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

"கெடைச்சிட்டாம்மா," என்றார் மூச்சிரைக்க. "எத்தினி தடவ போன் அடிக்கறது உனக்கு? செட்ல கெடைச்சிட்டான். சொல்லிட்டேன்."

யுவராணி எழுந்து நின்றாள். "இன்னா மாமா சொன்னீங்க?"

"சொவரு மறையறத நம்பாத, தகட்ட திருப்பி வெச்சிருக்காங்கன்னு சொன்னேன். சும்மா சொல்லல, மூணாவது தூண்ல நின்னு என் கண்ணால பாத்துட்டு வந்துதான் சொன்னேன். பாதி நீலம் தெரியற மாதிரி புடிச்சிகினு வா, அதான் வழின்னேன். சரி சித்தப்பான்னான்."

பிறகுதான் அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். கைப்பிடிகளைப் பார்த்தார். அவளுடைய கிரீஸ் படிந்த கைகளைப் பார்த்தார். அவர் சிரிப்பு போகச் சற்று நேரமானது. சுவர் பழையபடி நின்றால் பாதி நீலம் வடக்குக் கல்லுக்கு நேர்.

நிஷாத் பாய் முதல் கைப்பிடிக்குத் தாவி முளையில் கை வைத்தார்.

"தொடாதீங்க பாய்," என்று யுவராணி அலறினாள்.

ஏனென்றால் இப்போது எதைத் திருப்புவது? அவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், எந்தப் பக்கம் விலகியிருக்கிறான், யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு தகடு அசைந்தால் அவன் இன்னும் ஓரடி தப்பாகப் போகலாம். அசையாமல் விட்டாலும் போகலாம். இருநூறு தகடும் அவள் தலைக்கு மேலே முனகிக்கொண்டு நின்றன. கன்னியப்பன் பெட்டியை நோக்கித் திரும்பி நடந்தார். நான்கடி போனதும் மணலில் உட்கார்ந்துவிட்டார். யுவராணி தண்ணீரை நோக்கி ஓடினாள். முந்தானையை அவிழ்த்து வீசினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பனிக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் வடக்குப் பக்கமாக, வடக்குப் பக்கமாகப் போயிற்று.

இடித்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபைபர் உடைகிற சத்தம். சின்னதாக, காய்ந்த ஓலையை மிதித்ததுபோல. அப்புறம் மோட்டார் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பனி விலகப் பத்து மணி ஆயிற்று. வெற்றிச்செல்வனைக் கல் மேலிருந்து தூக்கி வந்தார்கள். தோள்பட்டை உடைந்திருந்தது, உயிர் இருந்தது. விஜயகுமாரைப் பதினொன்றரைக்குக் கல்லுக்கடியிலிருந்து எடுத்தார்கள். பெரிய ஆள் வந்த கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே திரும்பிப் போய்விட்டன. ஏலக் கொட்டகையில் கோரைப்பாய் விரித்து விஜயகுமாரைக் கிடத்தியிருந்தார்கள். ஊரே கூடியிருந்தது.

நடுவில் சங்கீதா மேடம். அவராகவே வந்திருந்தார், வராமல் காரில் ஏறிப் போயிருக்கலாம். அழுதுகொண்டே நின்றார். ஆண்கள் சுற்றி நின்று கத்தினார்கள். நீதான் திருப்பினே, புத்தகத்துல போட்டுக்கத் தெரிஞ்சுது இல்ல, தெரிஞ்சுகினே திருப்பியிருக்கே என்று ஆளுக்கு ஒன்று. யாரோ கடப்பாரைகளோடு சுவரைப் பார்த்துக் கிளம்பினார்கள். மேடம் எதையும் மறுக்கவில்லை. ஆமாம், நான்தான், நான்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நிஷாத் பாய் யுவராணி அருகே வந்து குனிந்து, "நீ ஒண்ணும் சொல்லாத தங்கச்சி. சொல்லி இன்னா ஆவப்போவுது," என்று காதோடு சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

வெற்றிச்செல்வனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்திருந்தது. அவன் ஏற மறுத்து அண்ணன் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"சித்தப்பா சொன்ன மாதிரியேதான் அண்ணி வந்தோம். பாதி நீலம். சரியா புடிச்சிகினு வந்தாரு. திடீர்னு நீலம் கொறஞ்சுது. 'தண்ணி நம்மள தெக்கால தள்ளுதுடா'ன்னு சொல்லி வடக்கால ஒடிச்சாரு. நீலம் வந்துது. கொஞ்ச நேரத்துல மறுபடியும் கொறஞ்சுது. மறுபடியும் ஒடிச்சாரு. இன்னாடா இன்னிக்கு இப்பிடி இழுக்குதுன்னு சிரிச்சாரு. தண்ணி அப்பிடி ஒண்ணும் இழுக்கல அண்ணி. நான்கூட சொன்னேன். 'சொவரு பொய் சொல்லாதுடா, நாமதான் நவுந்திருக்கோம்'ன்னாரு."

யுவராணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தினி தடவ கொறஞ்சுது?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "அஞ்சு இருக்கும். ஆமா, அஞ்சு. அஞ்சாவது தடவ ஒடிச்சப்பதான் கல்லு."

அவள் எழுந்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. மேடத்துக்கு முன்னால் போய் நின்றபோது அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேடமும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தம்மாவ உடுங்க," என்றாள் யுவராணி. "அவங்க திருப்பினது நேத்து. அத காலையிலியே நான் பழையபடி மாத்திட்டேன். அஞ்சு கைப்பிடியையும் சுத்தினது நானு. அவரு வடக்கால வடக்கால போனது என் கையாலதான்."

யாருக்கும் உடனே புரியவில்லை. அவள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். கிரீஸும் ரத்தமும் கலந்து கறுப்பாகக் காய்ந்திருந்தன.

தூணில் சாய்ந்திருந்த கன்னியப்பன் அப்போதுதான் வாய் திறந்தார். அவளைப் பார்க்காமல், கிடத்தியிருந்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உம்மேல தப்பில்லம்மா. நீ போறேன்னு சொன்னப்ப, போனா ஆவாதுன்னு நெனச்சேன். நமக்காவ எவன் திருப்பி வைக்கப்போறான்னு இருந்துட்டேன்."